டூல் ரூமுக்கு ஒரு பெண்

எங்கள் ஊர் மரியாதையைப் பற்றி என்னிடம் யாரும் பெருமை பேச வேண்டாம். ‘கோயமுத்தூர்க்காரங்க எவ்வளவு தன்மையாப் பேசறாங்க’ என்று வெளியூர்க்காரர்கள் சிலாகிக்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நானும் இந்த மண்ணில் பிறந்தவள்தான். வாசலில் வந்து நிற்கிற கன்றுக்குட்டியைக்கூட ‘அக்கட்டால போங்க சாமி’ என்று விரட்டி வளர்ந்தவள்தான். அதனால்தான் சொல்கிறேன். குரலை உயர்த்தாமல், முகத்தில் சிரிப்பு மாறாமல், ஒரு பெண்பிள்ளையின் வாயில் மண்ணைப் போட எங்கள் ஆட்களுக்குத் தெரியும். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து அதை நான் பார்த்திருக்கிறேன்.

நான் பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர். அது சம்பளத்துக்கு. ஞாயிற்றுக்கிழமை காலையில் கருமத்தம்பட்டிப் பக்கம் ஒரு பொட்டல் மைதானத்தில் பெண்பிள்ளைகளுக்கு வாலிபால் சொல்லிக்கொடுக்கிறேன். அது எனக்காக. மைதானத்தைச் சுற்றித் தறிக்குடோன்கள். ஞாயிற்றுக்கிழமையும் தறி ஓடும். அந்தச் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தி என் குரல் ஆம்பளைக் குரலாகிவிட்டது என்று வீட்டுக்காரர் சொல்வார். அவருக்கென்ன, சொல்லிவிட்டுப் போகட்டும்.

என் வயிற்றெரிச்சல் எங்கே தொடங்கியது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். வாலிபாலில் பந்தை ஓங்கி அடிப்பவளை ஊரே பார்த்துக் கை தட்டும். அவள் அடிப்பதற்குத் தோதாகப் பந்தைத் தூக்கிக் கொடுப்பவள்தான் செட்டர். அவளை ஒருத்தரும் பார்க்க மாட்டார்கள். ஒரு செட்டரை உருவாக்குவது லேசுப்பட்ட காரியமில்லை. சின்ன வகுப்பில் பிடித்து, விரல் விரலாகப் பழக்கி, ஒருவழியாகத் தேறி வரும்போது ப்ளஸ் டூ முடிந்துவிடும். ஜூன் மாதம் பார்த்தால் ஆளைக் காணோம். ‘எங்கடி அவ?’ என்று கேட்டால், ‘அவளுக்கு எடம் அமைஞ்சுருச்சுங் மிஸ்’ என்பார்கள். இல்லாவிட்டால், ‘பனியன் கம்பெனிக்குப் போறாளுங் மிஸ்’. மூன்றாவதாக ஒரு பதிலை நான் கேட்டதே இல்லை.

என்ன ஆக ஆசை என்று பிள்ளைகளைக் கேட்டால் டீச்சர், நர்ஸ், டாக்டர் என்பார்கள். அதோடு நின்றுபோகும். பம்பும் மோட்டாரும் லேத்தும் கொட்டிக்கிடக்கிற ஊர் இது. தினமும் பஸ்ஸில் கம்பெனி கேட்டைத் தாண்டித் தாண்டிப் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளுக்கு, அந்த கேட்டுக்குள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாது. அண்ணனுக்குத் தெரியும், தம்பிக்குத் தெரியும். இவர்களுக்கு யாரும் காட்டியதில்லை. கண்ணால் பார்க்காத ஒன்றின் மேல் எப்படி ஆசை வரும்?

எங்களுக்குப் பந்தும் வலையும் வாங்கிக் கொடுப்பவர் சூலூர்ப் பக்கம் பம்ப்செட் கம்பெனி நடத்துகிற ஒரு முதலாளி. அவரிடம் போய், என்னென்ன வேலை இருக்கிறது என்று யாராவது வந்து பிள்ளைகளுக்குச் சொன்னால் நன்றாக இருக்கும் என்றேன். “அதுக்கென்னங்க டீச்சர், செஞ்சுபோடலாமுங்க” என்றார். செய்தும் போட்டார். அடுத்த வாரம் காரில் வந்து இறங்கியவர் அழகுநிலையம் நடத்துகிற ஒரு அம்மணி. வேர்த்து வழிய நிற்கிற என் டீமைப் பார்த்து எடுத்த எடுப்பிலேயே, “இப்படி வெயில்ல ஆடுனா மூஞ்சி கறுத்துப்போயிருமுங்க கண்ணுங்களா, அப்பறம் மாப்பிள்ளை கெடைக்கமாட்டான்” என்றார். வாலிபால் டீமிடம்! அழகுக்கலை ஒரு தொழில், அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் தொழிலைப் பற்றிப் பேச வந்தவர் மாப்பிள்ளையில் போய் நின்றுவிட்டார். பின்வரிசையிலிருந்து ஒருத்தி, “அப்பறம் மேட்ச்சை ராத்திரிக்கு வெச்சரலாமுங்களா?” என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு அந்த அம்மணிக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவைத்தேன்.

மறுநாளே முதலாளி முன்னால் போய் நின்றேன். “யாரும் வந்து பேச வேண்டாமுங்க. புள்ளைங்கள நான் கூட்டிட்டு வாரேன். உங்க கம்பெனிய உள்ள உட்டுக் காட்டுங்க, போதும்” என்றேன். அவர் யோசித்தார். “பொம்பளப் புள்ளைங்க... மெசினு, எண்ணெய், அழுக்கு...” என்று இழுத்தார். “மைதானத்துல உழுந்து பொரள்றவங்களுக்கு எண்ணெய் ஒண்ணும் பண்ணாதுங்க” என்றேன். சிரித்துக்கொண்டே சரியென்றார். அன்றைக்கு அவர்மேல் எனக்கு நிஜமாகவே மரியாதை வந்தது. அதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

அந்த வருஷத்து என் செட்டர் ப்ளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். அப்பா இன்னொருவர் குடோனில் தறி ஓட்டுபவர். அம்மா தோட்ட வேலைக்குப் போகிறவர். அப்பாவுக்கு முந்தின தலைமுறை முழுக்க இங்குள்ள பண்ணையங்களில் கூலிக்கு இருந்தவர்கள். ஞாயிற்றுக்கிழமை முதல் பூசை முடிந்ததும் சர்ச்சிலிருந்து நேராக மைதானத்துக்கு ஓடி வருவாள். தாமதமாக வந்தும் என்னிடம் திட்டு வாங்காத ஒரே பிள்ளை அவள்தான். திருப்பூரில் அவள் சித்தி ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தாள். பரீட்சை முடிந்ததும் இவளும் அங்கே போவது என்று வீட்டில் பேசி முடித்தாயிற்று. அவளைத் தவிர எல்லோருக்கும் அதில் திருப்திதான்.

கம்பெனிக்குப் போன அன்று, கடைசியாக டூல் ரூமைக் காட்டினார்கள். மற்ற மெஷின்களுக்கு வேண்டிய அச்சுகளையும் கருவிகளையும் செய்கிற இடம் அது. அங்கே பயிற்சி கொடுக்கிற ஆபீசர் நல்ல மனுஷர். ஒரு மைக்ரோமீட்டரைப் பிள்ளைகள் கையில் கொடுத்து, தலைமுடியின் கனத்தை அளந்து பார்க்கச் சொன்னார். ஆளுக்கொரு முடியைப் பிடுங்கி அளந்து சிரித்துவிட்டு, மற்றவர்கள் அடுத்த மெஷினுக்கு நகர்ந்தார்கள். இவள் நகரவில்லை. தன் முடியை அளந்தாள், என் நரைமுடியைக் கேட்டு வாங்கி அளந்தாள். அளவு தப்பினால் என்ன ஆகும், தப்பியது எப்படித் தெரியும், தப்பினதைச் சரிசெய்ய முடியுமா என்று ஆபீசரை விடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். திரும்பும்போது பஸ்ஸில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“எனக்கு இந்த வேலை வேணுமுங் மிஸ்” என்றாள். இத்தனை வருஷத்தில் என்னிடம் எந்தப் பிள்ளையும் ‘வேணும்’ என்று சொன்னதில்லை. ‘ஊட்டுல கேக்கோணுமுங் மிஸ்’ என்றுதான் சொல்வார்கள்.

நான் விடுவேனா? முதலாளியைப் போய்ப் பிடித்தேன். வருஷா வருஷம் அவர் கம்பெனி ஒரு பையனை டிப்ளமோ படிக்க வைத்து, பிறகு டூல் ரூமிலேயே வேலைக்கு எடுத்துக்கொள்வது வழக்கம். இந்த வருஷம் அந்த இடத்தை என் டீமில் ஒரு பெண்ணுக்குக் கொடுங்கள் என்று நச்சரித்தேன். ஒப்புக்கொண்டார். மைதானத்துக்கே வந்து பிள்ளைகள் முன்னால், “டெஸ்ட் வெப்போமுங்க, நல்லாப் பண்ற புள்ளைக்கு எடம்” என்று அவர் வாயாலேயே சொன்னார். எல்லோரும் கை தட்டினோம்.

டெஸ்டை ஆபீசர் நடத்தினார். கணக்கு, படம் பார்த்து அளவு சொல்வது, கையில் கொடுத்த துண்டை அளப்பது. என் செட்டர் முதலாவதாக வந்தாள். இரண்டாவது, எங்கள் டீமில் பந்தை ஓங்கி அடிக்கிறவள். தென்னந்தோப்பு வைத்திருக்கிற குடும்பம். ஆபீசர் போன் பண்ணி, “டீச்சர், மொதல்ல வந்த புள்ளைய உட்டறாதீங்க, இப்படிப்பட்ட ஆள் கெடைக்கறது கஷ்டம்” என்றார். நான் அன்றைக்கு வீட்டில் கேசரி கிண்டினேன். பைத்தியக்காரி.

இரண்டு பேரையும் அப்பாமாரோடு ஒரு காபிக்கு வரச் சொல்லியிருந்தார் முதலாளி. சும்மா பழக்கம் பண்ணிக்கொள்ளத்தானாம். நானும் கூடப் போனேன். தோப்புக்காரரிடம் முதலில் கேட்டார்: “உங்க கோயில் எதுங்க?”

எங்கள் பக்கத்தில் அந்தக் கேள்விக்குச் சாமியோடு ஒரு சம்பந்தமும் கிடையாது. கோயிலைச் சொன்னால் கூட்டம், அதாவது குலம், தெரியும்; கூட்டம் தெரிந்தால் சாதி தெரியும். சாதி என்ன என்று நேராகக் கேட்பது அநாகரிகம் என்று நினைக்கிற நாகரிகவான்கள் கண்டுபிடித்த கேள்வி அது. தோப்புக்காரர் கோயிலைச் சொன்னார். “அட, நம்ம ஒறம்பரைதான் போங்க!” என்று, சொந்தக்காரரைக் கண்ட மாதிரி முதலாளி முகம் மலர்ந்துவிட்டது. அந்தக் கோயில் கும்பாபிஷேகத்தில் யார் யாரைப் பார்த்தோம் என்று இருவரும் ஒரு பாட்டம் பேசித் தீர்த்தார்கள்.

பிறகு இந்தப் பக்கம் திரும்பினார். “உங்க கோயில் எதுங்க?”

“நாங்க சர்ச்சுக்குப் போறவங்க சாமி” என்றார் செட்டரின் அப்பா. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார்.

நான் அதோடு முடிந்தது என்று நினைத்தேன். முதலாளி காபியை ஒரு வாய் குடித்துவிட்டு, சிரித்த முகத்தோடு, “சரிங்க. அதுக்கு முன்னால எந்தக் கோயிலுங்க?” என்றார்.

அதற்கு முன்னால்! ஒரு மனுஷன் சர்ச்சு என்று சொன்ன பிறகும் விடாமல் தோண்டுகிற கேள்வி. அந்த அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு, “நமக்கு... அடுத்தவங்க காட்டுல கூலி வேலைதானுங்க” என்று என்னமோ சொன்னார். கேட்டது கோயில், சொன்னது வேலை. ஆனால் முதலாளிக்கு அது போதுமானதாக இருந்தது. “நல்லதுங்க, நல்லதுங்க. காபி ஆறுது, குடிங்க” என்றார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகள் அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு நாளில் தகவல் வந்தது. இடம் இரண்டாவது வந்த பெண்ணுக்கு. சொல்லும்போது ஆபீசரின் குரல் உள்ளே போய்விட்டது. “எங்கையில ஒண்ணுமில்லீங்க டீச்சர்” என்றார். நான் செருப்பை மாட்டிக்கொண்டு வண்டியை எடுத்தேன். கம்பெனிக்குள் போனது எப்படியென்று எனக்கே நினைவில்லை.

“நீங்கதானுங்களே சொன்னீங்க, நல்லாப் பண்ற புள்ளைக்கு எடம்னு?”

“உக்காருங்க டீச்சர். தண்ணி குடிங்க.” அவர் குரலில் ஒரு மாற்றமும் இல்லை. “நான் சாதி பாக்கறவன் இல்லீங்க. டூல் ரூம்ல இருக்கறது பூராம் நம்ம பசங்க. ஒரே குடும்பமாட்டப் பழகறாங்க. அங்க போய் அந்தப் புள்ளைக்குத்தானுங்க சங்கடம். பேக்கிங்ல வேணா வரச் சொல்லுங்க, பாத்துக்கலாம்.”

“சாதி பாக்காதவரு எதுக்குங்க கோயிலக் கேட்டீங்க? அதுக்கு முன்னால எந்தக் கோயில்னு எதுக்குக் கேட்டீங்க?”

“அதெல்லாம் ஒரு பழக்கத்துல கேக்கறதுங்க. ஏன், கவர்மெண்ட்டே சாதி கேக்குதுங்களே?”

“அது எடம் குடுக்கறதுக்குக் கேக்குது. நீங்க குடுக்காம இருக்கறதுக்குக் கேக்கறீங்க!”

கத்திவிட்டேன். வெளியே ஆபீஸில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். முதலாளி எழுந்து, எனக்காகக் கதவைத் திறந்துவிட்டு, “வெயிலு எச்சா இருக்குது, பாத்துப் போங்க அம்மணி” என்றார். அவர் என்னைத் திட்டியிருந்தால்கூட என் ஆத்திரம் கொஞ்சம் அடங்கியிருக்கும்.

ஊரில் யாரிடம் சொன்னாலும், ‘அவரு தங்கமான மனுசனுங்க, எத்தனை பேருக்குச் சோறு போடறாரு’ என்றார்கள். போடட்டும். சோறு போடுகிறவர் தட்டில் இருப்பதைப் பிடுங்கலாமா? சரி, இடம் வாங்கினவர்களாவது உருப்படியாக வைத்துக்கொள்வார்களா என்றால், அதுவும் இல்லை. தோப்புக்காரர் என்னிடமே வந்து, “டிப்ளமோன்னு ஒண்ணு இருந்தா நல்ல எடமா வருமுங்க டீச்சர். வேலைக்கெல்லாம் அனுப்பறதா இல்லீங்க” என்றார். அடக் கெரகமே! டூல் ரூமுக்காக என்று கொடுத்த இடம் கல்யாணப் பத்திரிகைக்குப் போகிறது. அந்தப் பெண் பாவம், வலைக்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு அழுதாள். “எனக்கு அந்த மெசினே புடிக்காதுங் மிஸ், அவளுக்குத்தானுங் புடிக்கும்” என்றாள். அவள் சொல்லை யார் கேட்டார்கள்?

செட்டரின் வீட்டுக்குப் போனேன். அரசு ஐ.டி.ஐ. இருக்கிறது, அங்கே டர்னர், மெஷினிஸ்ட் என்று இதே வேலையைக் கற்றுக்கொடுக்கிறார்கள், பெண்பிள்ளைகளையும் சேர்க்கிறார்கள் என்றேன். அப்பா வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

“படிச்சு முடிச்சுப்போட்டு எங்கீங்க டீச்சர் போகும்? இதே மாதிரி ஒரு கம்பெனிக்குத்தான் போகோணும். அங்கயும் ஒருத்தரு காபி குடுத்து இதையே கேப்பாரு. பனியன் கம்பெனில கேக்கறதில்லீங்க, அவங்களுக்கு ஆள் வேணும். எம்புள்ளை தலையக் குனிஞ்சுட்டு உக்காந்திருக்கறதை நான் பாக்கமாட்டனுங்க” என்றார்.

அன்றைக்குத் தலையைக் குனிந்தவர் அவர்தான். மகளை வைத்துச் சொன்னார். மகள் அடுப்படி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். சித்தியிடம் சொல்லி ஜூனில் வேலைக்குச் சேருவது உறுதியாயிற்று. நான் தோற்றுப்போய் வீடு திரும்பினேன்.

அதற்குப் பிறகு மைதானத்தில் ஒரு சின்ன விழா. இடம் கிடைத்த பெண்ணுக்கு முதலாளி பொன்னாடை போர்த்துவதாக ஏற்பாடு. நான் வரமாட்டேன் என்றுதான் இருந்தேன். பிள்ளைகளைத் தனியாக விட மனசு வராமல் போனேன். டீம் முழுக்க வரிசையாக நின்றது. பெற்றவர்கள் பின்னால் நின்றார்கள். செட்டரின் அப்பாவும் ஷிப்ட் முடிந்து பஞ்சு ஒட்டிய சட்டையோடு வந்து ஓரமாக நின்றார். பொன்னாடை போர்த்தி, போட்டோ எடுத்து, கை தட்டி எல்லாம் முடிந்தது. முதலாளி வரிசையில் ஒவ்வொருத்திக்கும் கை கொடுத்துக்கொண்டே வந்தார். செட்டர் முன்னால் வந்ததும் நின்றார்.

“மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க கண்ணு. நீங்க கெட்டிக்காரப் புள்ளை, எங்க போனாலும் நல்லா இருப்பீங்க” என்றார்.

அவள் கையைக் கொடுக்கவில்லை. கும்பிட்டாள்.

“ஐயா, அன்னைக்கு எங்கப்பாகிட்ட ஒண்ணு கேட்டீங்க. அவரு சொல்லலீங்க. நான் சொல்லட்டுங்களா?”

முதலாளிக்குப் புரியவில்லை. “என்னங்க கண்ணு?”

“சர்ச்சுக்கு முன்னால எந்தக் கோயில்னு கேட்டீங்க. எந்தக் கோயிலும் இல்லீங்க. அதுக்கு முன்னால எங்கள எந்தக் கோயிலுக்குள்ளயும் உட்டதில்லீங்க.”

சொன்னதில் ஒரு வார்த்தைகூட உயரவில்லை. எங்கள் ஊர்ப் பிள்ளை, எங்கள் ஊர் மரியாதையோடுதான் சொன்னாள். பொன்னாடை போர்த்திய பெண் அதைக் கழற்றிக் கையில் சுருட்டிக்கொண்டாள். முதலாளி, “சரிங்க கண்ணு, சரிங்க” என்று சொல்லிக்கொண்டே திரும்பினார். அடுத்து நின்ற பிள்ளைகளுக்குக் கை கொடுக்க மறந்துவிட்டார். டிரைவர் ஓடிப்போய்க் கார்க் கதவைத் திறந்தான்.

கூட்டம் மெல்லக் கலைந்தது. இந்த வருஷத்தோடு பந்தும் போயிற்று, வலையும் போயிற்று என்று தெரிந்துவிட்டது, போகட்டும். செட்டரின் அப்பா பொட்டலைக் கடந்து நடந்து வந்தார். மகளுக்குப் பக்கத்தில் போய் நின்றார். கீழே கிடந்த அவள் பையை எடுத்துத் தன் தோளில் மாட்டிக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்தார். தலையைக் குனியாமல் பார்த்தார்.

“டீச்சர், அந்த ஐ.டி.ஐ.க்கு எந்த பஸ்ஸுங்க போகோணும்?” என்று கேட்டார்.